மேக்புக்கா, திங்க்பேடா? கோடு எழுதுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

ஐபோன் ஆப் எழுதுபவருக்கு இந்த அலசலே வேண்டாம். அதற்கான ஆப்பிளின் கருவியான எக்ஸ்கோடு மேக்ஓஎஸ்ஸில் மட்டும்தான் ஓடும், அதனால் மேக்புக்தான். வின்ஃபார்ம்ஸ் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய விண்டோஸ் ஆப் முறை) காலத்து சாஃப்ட்வேரைக் கட்டிக்காப்பவருக்கு விண்டோஸ். குழப்பமெல்லாம் வெப், பேக்கெண்ட் ஆட்களுக்குத்தான்.

2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததிலிருந்து மேக்புக்கின் பெரிய பலம் பேட்டரி. சார்ஜரைக் கழற்றினாலும் பில்ட் (கோடை ஓடக்கூடிய ஆப்பாக மாற்றும் வேலை) வேகம் பெரிதாகக் குறையாது. பல விண்டோஸ் லேப்டாப்கள் அந்த நேரத்தில்தான் சுணங்கும். ஏர் மாடலில் ஃபேன் கிடையாது, சத்தமும் இல்லை. ஆனால் நீண்ட பில்ட் ஓடினால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தினமும் அப்படிப்பட்ட வேலை என்றால் ப்ரோ பக்கம் போவது நல்லது.

டாக்கர் (ஆப்பை அதற்குத் தேவையானவற்றோடு கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) வந்தால் கதை மாறுகிறது. மேக்கில் டாக்கர் ஒரு லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடுவதால், ரேமில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். போதாக்குறைக்கு மேக்கின் சிப் ஆர்ம் வகை. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிப் வகை) சர்வருக்கென்று கட்டிய இமேஜ் (கண்டெய்னருக்கான அச்சு) எமுலேஷனில், அதாவது அந்தச் சிப்பைப் போல நடித்து, மெதுவாகத்தான் நகரும். லெனோவோவின் திங்க்பேடில் உபுண்டு லினக்ஸ் போட்டுவிட்டால் இந்த இடைத்தரகர் இல்லை, கண்டெய்னர் நேராக லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் ஓடும். விண்டோஸை விட மனமில்லையா, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 இருக்கிறது. ப்ராஜெக்டை மட்டும் லினக்ஸ் பக்கத்து ஃபோல்டரில் வையுங்கள்; சி டிரைவில் வைத்தால் கோடில் என்ன மாறியது என்று காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளைகூடத் தவழும்.

அப்புறம் ரேம். மேக்புக்கில் பிறகு கூட்டவே முடியாது. திங்க்பேட் என்றாலே கூட்டலாம் என்று நம்பிவிடவும் வேண்டாம்: எக்ஸ்1 கார்பனில் போர்டோடு சோல்டர் செய்துதான் வரும், டி சீரிஸில் மாடலுக்கு மாடல் மாறும். ஐடிஇ (கோடு எழுதும் மென்பொருள்), பிரவுசர், நாலைந்து கண்டெய்னர் சேர்ந்தால் 16 ஜிபி திணறும். பிராசஸரில் ஒரு படி இறங்கியாவது 32 ஜிபி எடுக்கலாம் என்பது என் கட்சி.

கீபோர்டில் திங்க்பேடுக்கே என் ஓட்டு, இது ருசி சார்ந்த விஷயம்.

பேக்கெண்ட் வேலைக்கு நான் லினக்ஸ் போட்ட திங்க்பேடைத்தான் சொல்வேன். சரி, அதிலும் ஒரு தலைவலி உண்டு: மூடிவைத்த லேப்டாப் ஸ்லீப்பில் பேட்டரியைத் தின்பது, கைரேகை சென்சார் வேலை செய்யாதது போன்றவை மாடலைப் பொறுத்து வரும். உபுண்டுவின் சான்று பெற்ற வன்பொருள் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.