ரெவிட்: திரையில் நகர்வதற்கான குறுக்குவிசைகள் எப்படி?

கட்டடங்களை முப்பரிமாண மாதிரியாக வடிவமைக்கும் மென்பொருளான ஆட்டோடெஸ்க் ரெவிட்டில், விசைப்பலகைக் குறுக்குவிசை என்பது பெரும்பாலும் இரண்டு எழுத்து. என்டர் தேவையில்லை. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளின் பழக்கத்தில் கை தானாக என்டருக்குப் போகும். போனால், கடைசியாகச் செய்த கட்டளை மறுபடி ஓடும்.

அதிகம் உதவுவது இசட்-ஆர்: தட்டிவிட்டு, வேண்டிய பகுதியைச் சுற்றிப் பெட்டி இழுத்தால் அங்கே பெரிதாகும். இசட்-பி (ZP) முந்தைய பார்வைக்குத் திருப்பும். இசட்-எஃப் வரைபடம் முழுவதையும் காட்டும். மவுஸ் சக்கரத்தை இருமுறை அழுத்தினாலும் அதுவே. இசட்-எஃப் தட்டியதும் கட்டடம் புள்ளியாகச் சுருங்கினால் மென்பொருளைத் திட்ட வேண்டாம். பெரும்பாலும், இணைத்த கேட் (CAD) வரைபடக் கோப்பில் ஏதோ ஒரு கோடு வெகுதூரத்தில் கிடக்கிறது. மூலக் கோப்பில் அதை அழித்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள்.

முப்பரிமாணத்தில் ஷிஃப்ட்டோடு சக்கரத்தை அழுத்தி இழுத்தால் மாதிரி சுழலும். பெரிய மாதிரியில் அது கைநழுவிப் போகும். முதலில் ஒரு சுவரைத் தேர்ந்தெடுங்கள், அதை மையமாக வைத்தே சுழலும். இது தெரியாமல் பலர் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள்.

டபிள்யூ-டி (WT) திறந்திருக்கும் பார்வைச் சாளரங்களைப் பக்கம்பக்கமாக அடுக்கும், உடனே இசட்-ஏ தட்டினால் எல்லாம் அந்தந்தச் சட்டத்துக்குள் பொருந்தும். அருமையான ஜோடி, ஆனால் பத்துப் பார்வை திறந்திருந்தால் ஒவ்வொன்றும் தபால்தலை அளவுதான். பிடிக்காத எழுத்துகளை கே-எஸ் தட்டினால் திறக்கும் குறுக்குவிசைப் பெட்டியில் மாற்றி, கோப்பாக ஏற்றுமதி செய்து அலுவலகம் முழுக்கப் பகிரலாம்.