கிட்ஸ் மாடிக்கும் லேடீஸ் மாடிக்கும் நடுவில்

ஊருக்குப் போய்விட்டு இங்கிலாந்தில் இருக்கும் லெஸ்டருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. விமானம், ரயில், வங்கி வேலை, ஆதார் திருத்தம் எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கழிந்த மூன்று மணி நேரம்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

எங்களுக்கு நாச்சியார்கோவில். சித்தி மகனுக்கு ஆவணியில் கல்யாணம். இங்கே பள்ளி விடுமுறை ஜூலையில்தான் ஆரம்பிக்கும் என்பதால் ஆடியிலேயே போய் இறங்கிவிட்டோம். என் மகளுக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. 156 செ.மீ. உயரம், ஒல்லி உடம்பு. பழைய ஆல்பத்தில் நான் அரக்குப் பாவாடையில் பச்சைக் கரை தெரிய நிற்கும் படத்தைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை: கல்யாணத்துக்குப் பட்டுப் பாவாடைதான் வேண்டும். லெஸ்டரில் பெல்கிரேவ் ரோட்டுக் கடைகளில் லெஹங்கா கேட்டால் உடனே எடுத்துப் போடுவார்கள், பட்டுப் பாவாடை மட்டும் எனக்கு அங்கே கிடைத்ததில்லை. ஊரில் வாங்கிக்கொள்ளலாம், கும்பகோணத்தில் கிடைக்காததா என்று இங்கிருந்து அவளுக்கு ஒரு நல்ல உடுப்புகூட எடுத்துப்போகவில்லை.

ஆடித் தள்ளுபடி. கடை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய கடைதான், நான்கு மாடி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தத் தெருவில் பாய் விரித்த கடைகள்தான் இருந்தன. அப்பா உட்கார, கலர் சோடா வர, துணி ஒவ்வொன்றாக மடியில் வந்து விழும். இப்போது வாசலிலேயே பலகை: முதல் மாடி கிட்ஸ், இரண்டாம் மாடி லேடீஸ்.

முதல் மாடியில் பாவாடை சட்டை வரிசை வரிசையாகத் தொங்கியது. அளவு 36 வரை இருந்தது. 36-ஐப் போட்டுப் பார்த்தால் இடுப்பு நெஞ்சுக்குக் கீழேயே நின்றது, தோள் இறுக்கிப் பிடித்தது, கையில் பலூன் மாதிரி பஃப், முதுகில் ரிப்பன். ஆறு வயதுக் குழந்தைக்கு வரைந்த உடுப்பைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். “மேல லேடீஸ்ல பாருங்க மேடம்” என்றார்கள். மேலே போனோம். அங்கே மிகச் சின்ன அளவு என்று எடுத்துக் கொடுத்த ரவிக்கையில் நெஞ்சுக்கு டாட், அதாவது கூர்மடிப்புத் தையல், பிடித்திருந்தது. இவளுக்கு அது முன்னால் காலிப் பையாகத் தொங்கியது. கழுத்தோ முன்னும் பின்னும் இறக்கம். பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு இறக்கமான கழுத்து எதற்கு? “சைடு பிடிச்சுத் தரோம் மேடம், ஆல்டரேஷன் இங்கேயே இருக்கு” என்றார்கள். பக்கத்தைப் பிடித்துச் சுருக்கலாம், தோளைப் பிடிக்க முடியுமா? “அப்ப கிட்ஸ்லதான் பாக்கணும்.” மறுபடி கீழே. இப்படி நான்கு தடவை ஏறி இறங்கினோம். லிஃப்டில் நிற்க இடமில்லை, படிதான்.

ஐந்தாவது தடவை கீழே போனபோது கவுண்டரில் நின்ற ஒரு பெண், பத்தொன்பது வயது இருக்கும், என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். “அக்கா, பாப்பா வயசுக்கு வந்தாச்சா இல்லையா? அதச் சொன்னீங்கன்னா பாவாடையா தாவணியான்னு நான் எடுத்துப் போட்டுருவேன்.”

பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வரிசையில் நின்ற அம்மாக்கள் திரும்பி என் மகளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் பார்க்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். என் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். போன தடவை வந்தபோது பெரியம்மா பேத்தியின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டப வாசலில் வைத்திருந்த பேனரையும் பார்த்திருக்கிறாள். என் துப்பட்டா நுனியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டோவில் அரசலாற்றுப் பாலம் தாண்டும்வரை அவள் பேசவில்லை. தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் நிறுத்தச் சொல்லிப் பார்த்திருப்போம். பிறகு கேட்டாள்: “அந்த அக்காவுக்கு அது ஏன் தெரியணும்?”

எனக்குப் பதில் வரவில்லை. இங்கே இங்கிலாந்தில் பிள்ளைகள் உடுப்பின் சீட்டில் வயது போட்டிருக்கும், பக்கத்திலேயே உயரம் செ.மீ.யில் இருக்கும். 12–13 என்று ஒன்று, 13–14 என்று ஒன்று. பள்ளிக் கால்சட்டையின் இடுப்புக்குள் பொத்தான் துளைகளோடு எலாஸ்டிக் ஓடும், வளர வளர இழுத்தோ விட்டோ மாட்டிக்கொள்ளலாம். சிறுபிள்ளைகள் உடுப்புக்கு வாட் வரி கிடையாது, பெரியவர்கள் துணிக்கு 20 சதவீதம். அந்தச் சலுகைக்காக வரித்துறையே பிள்ளை என்றால் யார் என்று பதினான்காம் பிறந்தநாளுக்கு முன்பு வரை கோடு போட்டு வைத்திருக்கிறது. வயது, உயரம், சுற்றளவு, இவ்வளவுதான் கணக்கு. இங்கேயும் இந்த வயசுக்குத் துணி எடுப்பது சுலபமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கவுண்டரில் நின்று யாரும் என் மகளின் உடம்பைப் பற்றிக் கேட்டதில்லை.

மறுநாள் நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். “கிராமத்துப் பொண்ணுங்க மேடம், பேசத் தெரியாது, கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்” என்றார். அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. அந்தப் பெண்ணைக் கண்டிக்கச் சொல்லி நான் போகவில்லை. காலையிலிருந்து இரவு வரை நின்றே வேலை பார்க்கிறாள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாயிற்று, அந்த மாடியில் ஒரு ஸ்டூலைக்கூட நான் பார்க்கவில்லை. அவள் முன்னால் இருப்பது இரண்டே மாடி. எதிரே நிற்கும் பிள்ளையை எந்த மாடிக்கு அனுப்புவது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குக் கடை வேறு வழி எதுவும் கொடுக்கவில்லை, அதனால் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவளும் கேட்டாள். கையில் ஒரு டேப் கொடுத்திருந்தால் அளந்துவிட்டு எடுத்துப் போட்டிருப்பாள்.

எங்கள் காலம் இதில் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அப்போது கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. வெள்ளிக்கிழமை வரை பாவாடை சட்டையில் பள்ளிக்கு வந்தவள் இரண்டு வாரம் வரமாட்டாள், பிறகு தாவணியோடு வருவாள். தெருவே புரிந்துகொள்ளும். எனக்கு அது நடந்தபோது மூன்று நாள் நான் வாசல் பக்கம் வரவில்லை. இன்று ஐந்து வயசுக் குழந்தைக்கும் ரெடிமேட் தாவணி செட் விற்கிறார்கள், கல்லூரிக்குப் போகிறவள் கல்யாணத்துக்குப் பாவாடை சட்டை போடுகிறாள். உடைக்கும் அதற்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது, கேள்வி மட்டும் ஏன் மிச்சம் இருக்கிறது?

திரும்பி வந்த பிறகு தேடிப் படித்தேன். இந்தியர் உடம்புக்கென்று சொந்த அளவு அட்டவணை வேண்டும் என்று நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் ‘இந்தியாசைஸ்’ என்ற திட்டத்தை எடுத்தது. 25,000-க்கும் மேற்பட்டவர்களை ஸ்கேனர் வைத்து அளப்பது. நல்ல காரியம். ஆனால் வயது வரம்பு 15 முதல் 65 வரை. என் மகள் அதிலும் இல்லை.

அம்மாதான் வழி சொன்னார். “ரெடிமேட எதுக்குடி தேடுற? திருபுவனத்துல துணிய எடு, கமலாக்காகிட்ட குடு.” கமலாக்கா என்பது நான் இங்கே வைக்கும் பெயர். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டிருக்கிறார். அரசுப் பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர். எட்டாம் வகுப்பு வரை சத்துணவுப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 4 செட் இலவசச் சீருடை தைப்பது இந்தச் சங்கங்கள்தான். அதனால் ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயசு வரை பிள்ளைகளின் தோளும் இடுப்பும் அவருக்கு மனப்பாடம்.

துணி திருபுவனத்தில் எடுத்தோம். அது பத்து நிமிஷத்தில் முடிந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, மகளே கை வைத்து எடுத்தாள்.

கமலாக்கா என்னைப் பார்க்கவே இல்லை. “நீ வா கண்ணு, வெளிச்சத்துல நில்லு” என்று அவளைத்தான் கூப்பிட்டார். அளவெடுக்கும் முன் கேட்டார்: “கையத் தூக்குறப்ப இழுக்காம இருக்கணுமா? ஆடுவியா கல்யாணத்துல?” ஆடுவேன் என்றாள். “அப்பக் கைக்குழிய அரை இஞ்சு எறக்கிக்கிறேன்.” தோள், மார்பு, இடுப்பு, இடுப்பிலிருந்து பாதம் எல்லாம் சொல்லிச் சொல்லி ஒரு பழைய நோட்டில் எழுதினார். பாவாடை உயரம் 38 இஞ்சு. வேறெதுவும் கேட்கவில்லை. கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்று மட்டும் அவளையே கையால் தொட்டுக் காட்டச் சொன்னார்.

கரைப் பட்டில் பாவாடை தைப்பது எப்படி என்று எனக்கே அன்றுதான் முழுதாகப் புரிந்தது. கரை கீழே வர வேண்டும் என்பதால் துணியின் அகலம்தான் பாவாடையின் உயரமாகிறது. நாங்கள் எடுத்த துணியின் அகலம் 48 இஞ்சு, இவளுக்கு வேண்டியது 38. கீழே வெட்டினால் கரை போய்விடும். “மேலயும் வெட்ட மாட்டேன், வளர்ற புள்ள” என்றார். கரைக்கு மேலே, உள்பக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு டக் பிடித்தார். ஒவ்வொன்றும் மூன்று இஞ்சு துணியை விழுங்கிக்கொள்ளும். மிச்சத்தை இடுப்புப் பட்டிக்குள் மடித்தார். சட்டைக்கு லைனிங், இரண்டு பக்கமும் உள்ளே இரண்டு இஞ்சு விட்டிருந்தார். டாட் வைக்கவில்லை. “இப்ப வேணாம். வேணுங்கிறப்ப பிடிச்சுக்கலாம், துணி இருக்கு.” வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே திருப்பினால்தான், தையல் பெரிய பெரிய ஓட்டமாக, சுலபமாகப் பிரிக்கும்படி ஓடியிருப்பது தெரிகிறது.

மூன்றாம் நாள் தந்துவிட்டார். கூலி 850 ரூபாய். லெஸ்டரில் ஒரு ஜீன்ஸின் காலை மடித்துத் தைக்கவே அதைவிட அதிகம் கொடுத்திருக்கிறேன். மிச்சத் துணியோடு, அதே அரக்கு நிறத்தில் ஒரு நூல்கண்டும் பைக்குள் போட்டுத் தந்தார்.

லெஸ்டருக்குக் கிளம்பும் முன் கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டது அதிகமில்லை. பத்து முதல் பதினைந்து வயசுக்கென்று இரண்டு வரிசை தனியாக வையுங்கள், டாட் இல்லாமல், கழுத்து இறக்காமல், மார்பளவு 28-லிருந்து 34 வரை. சீட்டில் உயரமும் போடுங்கள். கவுண்டருக்கு ஒரு டேப், நிற்கும் பெண்ணுக்கு ஒரு ஸ்டூல். அந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். வாங்கிப் படித்தார்கள், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தில் அதே கேள்வி திரும்பி வந்தது. ஜானவாசம் முடிந்து பந்திக்குக் காத்திருந்தபோது, அப்பா வழியில் ஒரு பெரிய பாட்டி பாவாடைக் கரையை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “இம்புட்டு வளந்துட்ட, இன்னும் தாவணி போடலையா? ஏன், இன்னும் ஆவலையா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள், “எனக்கு இதுதான் பாட்டி பிடிச்சிருக்கு. முப்பத்தெட்டு இஞ்சு, உள்ள இன்னும் ஆறு இஞ்சு இருக்கு” என்று ஓரத்தைத் திருப்பி டக்கைக் காட்டினாள். பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். “யாருடி தச்சது?” என்றார். சொல்லிவிட்டு, பன்னீர் சோடா தீர்ந்துவிடும் என்று பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி மாமா பிள்ளைகளோடு ஓடிவிட்டாள்.