மலை ரயில் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? காரைக்குடிப் பக்கத்து மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் ‘மலை ரயில் சுற்றுலா’ என்று ஆள் சேர்க்கிறவர்களிடம் பணம் கட்டும் யோசனையில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். 2025 காலாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டாருக்கு நடந்தது இது. ஏற்பாடு செய்தவரின் பெயரை எழுதவில்லை. மனு நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அது முடியட்டும். ஆனால் அவர் செய்த வித்தையை மறைக்க வேண்டியதில்லை. அதைப் புரிந்துகொண்டால் வேறு யார் செய்தாலும் பிடித்துவிடலாம்.

அவர் விற்றது பெங்களூரு – மங்களூரு மலைப் பாதையை. திருச்சியில் இரவு ரயில் ஏறிப் பெங்களூரு போவது, காலையில் அங்கேயே யஷ்வந்த்பூர் நிலையத்தில் விஸ்டாடோம் பெட்டியில் உட்காருவது, ஹாசன், சக்லேஷ்பூர் தாண்டி மலையிறங்கி மாலையில் மங்களூரு சேருவது. அப்புறம் உடுப்பி, கடற்கரை, கோயில் என்று சுற்றிவிட்டுக் கோவை, கரூர் வழியாகத் திருச்சிக்கே திரும்புவது. விஸ்டாடோம் தெரியாதவர்களுக்கு: கூரையிலும் கண்ணாடி, பெரிய பெரிய சன்னல், ஒரு பெட்டிக்கு 44 இருக்கை, இருக்கையை மலைப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். 2021 ஜூலையில் இந்தப் பாதையின் பகல் ரயில்களில் சேர்த்தார்கள்.

பாதையும் சாதாரணப் பாதை இல்லை. சக்லேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை சுமார் 55 கிலோமீட்டர். அதற்குள் 57 குகைகள், இருநூறுக்கு மேல் பாலங்கள். ஐம்பது அடி போனால் ஓர் அடி இறங்கும் சரிவு. நடுவில் எடகுமேரி என்று காட்டுக்குள் ஒரு நிலையம். முதலில் 1979-இல் மீட்டர் கேஜாகத் திறந்து, 1996-இல் மூடி, அகலப் பாதையாக்கி, 2007 டிசம்பரில்தான் மறுபடி பயணிகள் ரயில் விட்டார்கள். என் பெரியம்மாவுக்குக் கால் முடியாது, மலை ஏற முடியாது. உட்கார்ந்த இடத்தில் மலையைப் பார்க்கலாம் என்றதும் அவர்தான் முதலில் தலையாட்டினார். ஏற்பாட்டாளர் வீட்டுக்கே வந்து, வளவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, “ஆச்சி, நீங்க கவலையே படாதீங்க. கண்ணாடிப் பெட்டில ராணி மாதிரி உக்காந்து போவீங்க” என்று சொல்லிப் போனார். யுபிஐ-இல் பாதிப் பணம் அன்றைக்கே போனது.

இங்கேதான் முதல் பொய். அவர் வந்தது ஆனி மாதம். “டிக்கெட் உறுதியாயிருச்சு” என்று ஆடி பிறக்கும் முன்பே சொன்னார். செப்டம்பர் கடைசியில் ஓடும் ரயிலுக்கு அப்போது யாராலும் டிக்கெட் எடுத்திருக்க முடியாது. முன்பெல்லாம் 120 நாளுக்கு முன்பே பதிவு திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். அவர் ‘உறுதி’ என்று சொன்ன நாளில் பதிவே திறந்திருக்கவில்லை.

இரண்டாவது பொய் இன்னும் பெரியது. அந்தப் பகல் ரயில்களே ஓடவில்லை. சக்லேஷ்பூர் – சுப்ரமண்யா ரோடு மலைப் பகுதியில் மின்கம்பி போடும் வேலைக்காக, 2025 மே மாதக் கடைசியிலிருந்து பகல் ரயில்களை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இது ரகசியமில்லை, ரயில்வே அறிவித்துச் செய்தது, கர்நாடகச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. ரயில் டிக்கெட்டை வைத்துப் பிழைக்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கண்ணாடிப் பெட்டி பேசினார்.

பிஎன்ஆர் எண், அதாவது டிக்கெட்டின் பதிவு எண், கேட்டபோதெல்லாம் ஒரு பதில். “குரூப் புக்கிங்ணே, கடைசிலதான் பிரிச்சுத் தருவாங்க.” ஒருமுறை வாட்ஸாப்பில் விஸ்டாடோம் பெட்டியின் படம் அனுப்பினார். பெட்டியின் படம், டிக்கெட்டின் படம் இல்லை.

திருச்சி ஜங்ஷனில் அவர் வரவில்லை. ஒரு பையனிடம் உறை கொடுத்து அனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்தால் பெங்களூரிலிருந்து மங்களூருக்கு இரவு ஒன்பதரை மணி வாக்கில் கிளம்பும் ரயில், சாதாரணப் படுக்கை வகுப்பு. பையனைக் கேட்டால், “விஸ்டாடோம் கேன்சல் ஆயிருச்சு சார், அதனால மாத்திட்டாங்க” என்றான். நான்கு மாதமாக ஓடாத ரயில் அன்றைக்குக் காலையில் கேன்சல் ஆனதாம். பெட்டி படுக்கையோடு, சீடை முறுக்குத் தூக்குகளோடு, பேரப் பிள்ளைகளோடு நடைமேடையில் நிற்கும் குடும்பம் வீட்டுக்குத் திரும்பாது என்பது அவருக்குத் தெரியும். உறையை அங்கே வைத்துக் கொடுத்ததன் காரணமே அதுதான்.

பெங்களூரில் விடியற்காலை இறங்கி, ராத்திரி ரயில் வரை மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜில் கிடந்தோம். லாட்ஜ் செலவு எங்களுடையது. இரவு ரயில் மலைப் பகுதியில் நுழைந்தபோது நடுராத்திரி தாண்டியிருந்தது. வெளியே மை இருட்டு, மழை வேறு. ஷட்டரைத் தூக்கினால் முகத்தில் சாரல், இறக்கினால் ஒன்றும் இல்லை. சத்தம் மாறுவதை வைத்து இது குகை, இது பாலம் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்த்துவிட்டுத் தூங்கிப் போனார்கள். பெரியம்மா நடு பெர்த்தில் ஏற முடியாமல், கீழ் பெர்த்துக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு மாற்றிக் கொடுத்தார். “இந்த இருட்டப் பாக்கவா இம்புட்டுக் காசு? நம்ம வீட்டு நெல் அறைலயே உக்காந்திருப்பேனே” என்றார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஊருக்கு வந்து நேரில் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “ரயில் அதே பாதைலதானண்ணே போச்சு? மலையக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன், போனீங்கள்ல?” மன்னிப்பு இல்லை, தயக்கமும் இல்லை. இந்த வாதத்தை முன்கூட்டியே யோசித்து வைத்துத்தான் அவருடைய விளம்பரத் தாளும் அச்சடிக்கப்பட்டிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் ரயில் எண் கிடையாது, நேரம் கிடையாது, வகுப்பு கிடையாது. ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் மறக்க முடியாத ரயில் பயணம்’, அவ்வளவுதான். விஸ்டாடோம் கட்டணத்துக்கும் படுக்கை வகுப்புக் கட்டணத்துக்கும் பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.

திரும்பும் டிக்கெட் கதை சுருக்கமானது. பாதிப் பேருக்கு வெயிட்டிங் லிஸ்ட். இணையத்தில் எடுத்த டிக்கெட் சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங்கில் இருந்தால் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. அதனால் நானும் தம்பியும் முன்பதிவில்லாப் பெட்டியில் வந்தோம். ரத்தான பணம் டிக்கெட் எடுத்தவர் கணக்குக்கே போகும், எங்களுக்கு வராது. ரயில்வேயின் இணைய டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசியின் அங்கீகாரம் பெற்ற முகவர் எடுத்திருந்தால் இப்படி விழுங்க முடியாது. ரத்தான பணத்தைக் கொடுக்கும்போது பயணியின் கைபேசிக்கு ஓடிபி வரும், அதை நாம் சொன்னால்தான் கணக்கு முடியும். 2019 முதல் இந்த முறை இருக்கிறது. எங்கள் டிக்கெட்டில் இருந்தது எங்கள் எண்ணே இல்லை. முகவர் பெயரும் இல்லை. யாரோ ஒருவருடைய தனிப்பட்ட கணக்கில் எடுத்து எங்களுக்கு விற்றிருக்கிறார். அப்படித் தொழிலாக விற்பது 1989 ரயில்வே சட்டம் 143-ஆம் பிரிவின்படி குற்றம், மூன்று வருடம் வரை சிறை உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படைக்கும் எழுதியிருக்கிறேன்.

சரி, இனி போகிறவர்கள் என்ன செய்வது? மலையைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ரயிலின் பெயரைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து, மலை தொடங்கும் நிலையத்துக்கும் மலை முடியும் நிலையத்துக்கும் ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று நீங்களே பாருங்கள். கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் உதவாது. சக்லேஷ்பூருக்கு நள்ளிரவில் வரும் ரயில் பெங்களூரில் எப்போது கிளம்பினால் என்ன? அந்தத் தேதியில் ரயில் ஓடுகிறதா என்பதையும் ரயில்வேயின் 139 எண்ணில் கேட்டுவிடுங்கள். பதிவு திறந்த பிறகு, பிஎன்ஆர் கையில் வந்து, அதை நீங்களே தட்டிப் பார்த்து ‘கன்ஃபர்ம்’ என்று வந்தால் மட்டும் மீதிப் பணம். டிக்கெட்டில் உங்கள் கைபேசி எண் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருங்கள். முகம் சுளிக்கிற ஆளாக இருந்தால் அதுவே பதில்.

நம்மூர்ப் பக்கத்திலேயே இந்த வித்தை நடக்கிறது. செங்கோட்டை – புனலூர் மலைப் பாதை எவ்வளவு அழகு! ஆரியங்காவு, தென்மலை, நூறு வருடத்துக்கு மேல் நிற்கும் பதிமூன்று கண் பாலம். அதைப் ‘பாலருவி எக்ஸ்பிரஸில் இயற்கைப் பயணம்’ என்று ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். பாலருவி அந்த மலையைத் தாண்டுவது போகும்போதும் ராத்திரி, வரும்போதும் ராத்திரி. பகலில் பார்க்க வேண்டுமானால் மதுரையிலிருந்து குருவாயூர் போகும் ரயில் இருக்கிறது. காரைக்குடி வழியாகவே போகும் வேளாங்கண்ணி – எர்ணாகுளம் ரயிலும் அதே மலையில்தான் ஏறுகிறது, வாரத்தில் இரண்டு நாள்; ஆனால் அது மலையைத் தாண்டும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் இடையில் ஆள் எதற்கு?

ஊட்டி ரயிலிலும் ஒரு தந்திரம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். பல்சக்கரத்தில் ஏறும் பகுதி கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கிறது. சிலர் வேனில் குன்னூர் வரை ஏற்றிப் போய், அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்சின் இழுக்கும் குட்டிப் பயணத்தைக் காட்டி ‘மலை ரயில் முடிஞ்சது’ என்பார்கள். டிக்கெட்டில் ஏறும் இடம் மேட்டுப்பாளையம் என்று இருக்கிறதா, பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து இந்த ரயில் அடிக்கடி நிற்கும். நின்றால் பணம் யாருக்குத் திரும்பும் என்று முன்பே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் வழி சொல்கிறார்கள். யுபிஐ விவரம், வாட்ஸாப் பேச்சு, விளம்பரத் தாள், டிக்கெட் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் மனுப் போட்ட பிறகு அவர் தூது விட்டார், பாதிப் பணம் தருகிறேன், எழுதிக் கொடுத்துவிடு என்று. முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம், பேருந்து நிலையத்துப் பக்கம் அவருடைய புதுச் சுவரொட்டி. இந்த முறை அரக்குப் பள்ளத்தாக்கு, அதே கண்ணாடிப் பெட்டிப் படம். விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு வழியாகக் கிரந்துல் போகும் காலை ரயிலில் விஸ்டாடோம் இருப்பது உண்மைதான். ஆனால் சுவரொட்டியில் ரயில் எண்ணும் இல்லை, நேரமும் இல்லை. ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் இன்றைக்கே பிஎன்ஆர் கேளுங்கள். “குரூப் புக்கிங்” என்று பதில் வந்தால் என்னைத் தொடர்பு கொள்ளுங்கள், என் மனுவின் நகலைத் தருகிறேன்.