ஒரே ஆறு, இரண்டு எழுத்துக்கூட்டல்: ஓர் ஆய்விதழ்த் தேடுதளத்தோடு ஐந்து ஆண்டுகள்

அரசுக் கல்லூரியொன்றில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கும் நண்பர், நான் ஐந்து ஆண்டுகளாகச் சொந்தப் பணத்தில் சந்தா கட்டிவரும் ஆய்விதழ்த் தேடுதளத்தில் தாமும் சேரலாமா என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். எரிச்சல் ஏற ஏற அது நீண்டுவிட்டது.

என் ஆய்வு காவிரி நீர்ப் பங்கீடு பற்றியது. 1990இல் அமைந்த நடுவர் மன்றத்தையும் 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பையும் ஆராயும் அரசியல் அறிவியல் கட்டுரைகளில், ஆற்றின் பெயர் பெரும்பாலும் ஆங்கிலேயர் காலத்து வழக்கப்படி 'சி' (C) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. டெல்டாவின் மண்ணையும் நிலத்தடி நீரையும் பேசும் புவியியல் கட்டுரைகள் பலவற்றில் அது 'கே'யில் (K) தொடங்குகிறது. இந்தத் தளத்துக்கோ இவை இரண்டும் வெவ்வேறு ஆறுகள். முதல் எட்டு மாதங்கள் 'சி'யை மட்டுமே தட்டிக்கொண்டிருந்தேன். முன்னாய்வு இயலை வாங்கிப் படித்த நெறியாளர், ஓரத்தில் பென்சிலால் "டெல்டா எங்கே?" என்று எழுதித் திருப்பித் தந்தபோதுதான் விழித்தேன். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் இதே கதைதான். இன்றுவரை ஒவ்வொரு தேடலிலும் இரண்டு வடிவங்களையும் எழுதி, நடுவே 'அல்லது' எனப் பொருள்படும் 'ஆர்' (OR) என்ற ஆங்கில இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் இட்டு, முழுவதையும் அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன். இதைப் பற்றி உதவி மையத்துக்கு எழுதினால், பயனர் தரும் சொல்லையே தேடுகிறோம் என்று பணிவாகப் பதில் வருகிறது. அந்தப் பணிவுதான் கூடுதலாக எரிச்சலூட்டுகிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு தேடலைச் சேமித்து வைத்தால், புதிய கட்டுரை வரும்போது மின்னஞ்சல் வரும். 'நதிநீர் ஒப்பந்தம்' என்று பொதுவாகச் சேமித்திருந்த தேடல், ஒரு நாள் விடியற்காலையில் நைல் பற்றிய கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தது. 1959இல் எகிப்தும் சூடானும் ஆண்டுக்கு முறையே 55.5, 18.5 பில்லியன் கன மீட்டர் என்று நீரைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. நைலுக்கு அதிக நீர் தரும் எத்தியோப்பியாவுக்கு அதில் இடமே இல்லை. அதைப் படித்த பிறகு, காவிரி நீர் குறித்த 1924ஆம் ஆண்டு மதராஸ்–மைசூர் ஒப்பந்தத்தை நான் பார்த்த பார்வையே மாறியது. என் மூன்றாம் இயல் அந்த மின்னஞ்சலிலிருந்து பிறந்தது என்றால் மிகையில்லை.

நண்பருக்கு என் பதில்: கட்ட வேண்டாம். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. முதலில் உங்கள் நூலகரைப் பாருங்கள். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்பதை கூகுள் ஸ்காலர் காசில்லாமலே காட்டும். சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்தும் எனக்கு அந்தத் திட்டம் எட்டவில்லை. என் சந்தா மார்ச்சில் முடிகிறது. இம்முறை புதுப்பிக்கப் போவதில்லை. போன மார்ச்சிலும் இதையேதான் சொன்னேன்.