பெட்டியில் வரும் ஃபிக்ஸி: குழுவோடு ஓட்டுவதற்கு முன் பின் ஹப்பைத் திறந்து பாருங்கள்

அட்டைப் பெட்டியில் முக்கால்வாசி பூட்டி அனுப்பப்படும் ஃபிக்ஸட் கியர் சைக்கிள்கள் (சுருக்கமாக ஃபிக்ஸி; பின் சக்கரம் சுற்றும் வரை பெடலும் சேர்ந்தே சுற்றும் வகை) பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். ஸ்டீல் ஃப்ரேம், 120 மி.மீ. பின் அச்சு இடைவெளி, ஃப்ளிப்-ஃப்ளாப் ஹப் (இரண்டு பக்கமும் பல்சக்கரம் மாட்டக்கூடிய சக்கரக் குடம்), முன்னால் 46 பல், பின்னால் 16 பல், 700சி சக்கரம். பெயிண்டும் ஸ்டிக்கரும்தான் மாறும். அதனால் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளாமல் இந்த வகையையே எடைபோடுகிறோம். பெட்டியைப் பிரித்த கையோடு இருபது பேர் போகிற வரிசையில் இதைக் கொண்டுபோய் நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி.

நிறுத்தக் கூடாது. ஃப்ரேமும் ஃபோர்க்கும் கொடுத்த காசுக்கு நியாயமாக உழைக்கும். ஆனால் பின் ஹப்பில் ஒரு மணி நேர வேலை இருக்கிறது, பெடலில் காலைப் பிடித்துவைக்கும் பட்டையை மாற்றியே ஆக வேண்டும், பின் பல்சக்கரத்தையும் ஒரு பல் கூட்டுவது நல்லது. இந்த மூன்றும் முடிந்த பிறகு வருடக்கணக்கில் ஓடும் வண்டி இது.

ஃப்ரேமைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எடை 10 முதல் 12 கிலோ வரை வரும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இரண்டு: ஃபோர்க்கின் தலையில் பிரேக் மாட்டத் துளை இருக்கிறதா, பின் சக்கரம் உட்காரும் இடத்தில் அச்சை முன்னும் பின்னும் நகர்த்த இடம் இருக்கிறதா. துளை இல்லாத ஃபோர்க் என்றால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

பின் ஹப்புக்கு வருவோம். ஃபிக்ஸியின் உயிர் இங்கேதான். ஒரு பக்கம் ஃப்ரீவீல் (மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தானாகச் சுற்றவிடும் சாதாரணப் பல்சக்கரம்) மாட்டும் மரை. மறுபக்கம் காக், அதாவது ஃபிக்ஸட் பின் பல்சக்கரம், மாட்டும் மரை, அதில் இரண்டு படிகள். உள்ளே இருப்பது வலது மரை: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. வெளிப்படி சற்றுச் சிறியது, 1.29 அங்குலம், இடது மரை, அதாவது எதிர்த்திசையில் இறுகுவது. காக்கைப் பிடித்துவைக்கும் வளையமான லாக்ரிங் உட்காரும் இடம் அது. முன்னோக்கி மிதிக்கும்போது காக் தானாகவே இறுகும். வேகத்தைக் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்தும்போது செயின் காக்கைக் கழற்றும் திசையில் இழுக்கும். கழன்று வரப் பார்க்கும் காக் லாக்ரிங்கில் போய் முட்டும். லாக்ரிங் இடது மரை என்பதால் அந்தத் திருகலில் அது மேலும் இறுகத்தான் செய்யும். எளிமையான, அழகான ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. காக்குக்கும் லாக்ரிங்குக்கும் நடுவே மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. பெட்டியில் வரும் வண்டிகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். காக் முழுதாக இறுகாத நிலையிலேயே லாக்ரிங்கை மேலோட்டமாக முடுக்கி அனுப்பியிருப்பார்கள். முதல் மேட்டில் எழுந்து நின்று மிதித்ததும் காக் இன்னும் உள்ளே போய் உட்காரும், லாக்ரிங் இருந்த இடத்திலேயே நிற்கும். நடுவில் இடைவெளி விழுந்தாயிற்று. இனி ஒவ்வொரு முறை எதிர்த்து அழுத்தும்போதும் காக் அந்த இடைவெளிக்குள் முன்னும் பின்னும் ஆடும். காக் ஸ்டீல், ஹப் அலுமினியம். ஆட ஆட ஹப்பின் மரை தேயும். மரை போன ஹப்பைச் சரி செய்ய வழியில்லை. ஹப் மாற்ற வேண்டும், ஸ்போக் எல்லாம் பிரித்துக் கட்ட வேண்டும், கோட்டம் எடுக்க வேண்டும். அதைவிட மோசமானது, வரிசைக்கு நடுவில் போகும்போது அந்த மரை விட்டுக்கொடுப்பது. கால் அழுத்தும், வண்டி வேகம் குறையாது, முன்னால் போகிறவரின் பின் சக்கரம் நெருங்கி வரும்.

தளர்ந்த காக்கைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். செயின் தொய்வினால் வரும் ஆட்டம் மெத்தென்று இருக்கும். காக் ஆடினால் ‘டக்’ என்று ஓர் உலோகச் சத்தம் காலில் தெரியும். லாக்ரிங்கின் ஓரத்தை விரலால் வழித்தால் கறுத்த கிரீஸ் வரும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளியாக மினுங்கும் தூள் கலந்திருக்கும். அந்த மினுமினுப்புதான் ஹப்பின் மரை.

வண்டி வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது. கொக்கி ஸ்பேனரால் லாக்ரிங்கைக் கழற்றுங்கள். இடது மரை, ஆகவே கடிகாரம் சுற்றும் திசையில் கழலும். செயின் விப்பால் (பல்லைப் பிடிக்கச் செயின் துண்டு பொருத்திய கைப்பிடிக் கருவி) காக்கைக் கழற்றுங்கள். மரை இரண்டையும் துணியால் துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். காக்கைக் கையாலேயே கடைசி வரை சுற்றுங்கள். வழியில் கடித்துக்கொண்டால் வலுக்கட்டாயம் செய்யாமல் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். பிறகு செயின் விப்பை வைத்து உடல் எடை கொடுத்து இறுக்குங்கள். லாக்ரிங்கை மாட்டி முடுக்குங்கள். இத்துடன் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. முன் பிரேக்கை மட்டும் பயன்படுத்தி, காலால் எதிர்த்து அழுத்தாமல், ஒரு மேட்டில் நாலைந்து முறை பலமாக மிதித்து ஏறுங்கள். காக் கடைசியாகப் போய் உட்காருவது அப்போதுதான். திரும்பி வந்து லாக்ரிங்கை மீண்டும் இறுக்குங்கள். பெரும்பாலும் இன்னும் சற்று நகரும். அதன்பின் ஹப், காக், லாக்ரிங் மூன்றின் மேலும் குறுக்கே ஒரே கோடாகப் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கீறல் போடுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் போதும்.

லாக்ரிங்குக்கு மரைப் பசை தேவையில்லை. ஃப்ரீவீல் பக்கத்தில் காக்கை மாட்டுவது மட்டும் கூடவே கூடாது. 1.37 மரை ஒன்றே என்பதால் காக் அங்கேயும் ஏறும், ஆனால் லாக்ரிங்குக்கு இடது மரைப் படி அங்கே கிடையாது. காக்கைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாத சக்கரம் அது. ஹப்பையே மாற்றும் எண்ணம் இருந்தால், டிஸ்க் பிரேக் தட்டு போல 6 போல்ட்டில் காக் மாட்டும் ஹப்புகளைப் பாருங்கள். இந்தத் தொல்லை மொத்தமும் அதில் இல்லை.

அடுத்தது பல் கணக்கு. 46/16 ஓட்டுவதற்குக் கெட்ட விகிதமில்லை. ஆனால் பின் சக்கரத்தை நிறுத்திச் சறுக்கி வேகம் குறைப்பவர்களுக்கு இது டயரைத் தின்னும். கால்கள் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும்போதுதான் சறுக்குகிறோம்; ஆகவே டயரில் சில குறிப்பிட்ட இடங்கள்தான் தரையில் தேயும். எத்தனை இடங்கள் என்பது சாதாரணப் பின்னக் கணக்கு: விகிதத்தைச் சுருக்கி, கீழே நிற்கும் எண்ணைப் பாருங்கள். 46/16 சுருங்கி 23/8, 8 இடங்கள். 48/16 சுருங்கி 3/1, ஒரே இடம். 46/17 சுருங்காது, 17 இடங்கள். மேலே உள்ள எண் ஒற்றைப்படையாக இருந்து, இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி முன்னால் வைத்துச் சறுக்கப் பழகியவர் என்றால் இடங்கள் இரட்டிப்பாகும். 45/17 போட்டால் 34. 48/16 ஓட்டியவரின் டயரைப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்: சுற்றிலும் ரப்பர் புத்தம் புதிது போல இருக்க, ஓரிடத்தில் மட்டும் நீள்வட்டமாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

ஆகவே 16-ஐக் கழற்றி 17 போடுங்கள். ஒரு பல் கூட்டினால் அச்சு சுமார் 3 மி.மீ. முன்னால் நகரும், பெரும்பாலும் செயினை வெட்டவோ ஒட்டவோ வேண்டியிருக்காது. 700×25 டயரில் 46/17 ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறக்குறைய 5.7 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 31 கி.மீ. கலவையான குழுவுக்கு இது இதமான வேகம். இறக்கத்தில் வேறு கதை: 45 கி.மீ. வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு 132 முறை சுற்ற வேண்டும். அதற்குப் பழகாதவர் இறக்கத்தின் தொடக்கத்திலேயே முன் பிரேக்கைத் தொட்டு வேகத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். சுற்று கைமீறிய பிறகு பிடித்தால் இடுப்பு சீட்டில் குதிக்க ஆரம்பித்திருக்கும்.

செயின் விஷயத்தில் பெட்டி வண்டிகள் பரவாயில்லை. 1/8 அங்குல அகலச் செயின், கனமானது, உழைக்கும். தொய்வுதான் முக்கியம். மேல் செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் என்றால் எதிர்த்து அழுத்தும்போது செயின் பல்லிலிருந்து நழுவும். ஃபிக்ஸியில் நழுவிய செயின் காக்கில் சிக்கிப் பின் சக்கரத்தையே பூட்டிவிடும். கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் தண்டை) சுற்றும்போது ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தொய்ந்தும் இருந்தால் முன் பல்சக்கரம் மையம் விலகியிருக்கிறது. அதன் போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, செயின் இறுகும் இடத்தில் மரக்கட்டையால் தட்டி, மறுபடி முடுக்குங்கள். இறுகும் இடத்தை வைத்துத்தான் தொய்வை அளக்க வேண்டும். தேய்மானத்துக்கு அளவுகோல் போதும்: 24 கணுக்கள் 12 அங்குலம். அது 1/16 அங்குலம் நீண்டுவிட்டால் செயினை மாற்றுங்கள்.

கால் பட்டையில் பெட்டி வண்டிக்குப் பாஸ் மார்க் கொடுக்க முடியாது. சிலவற்றில் வெறும் பிளாஸ்டிக் பெடல், சிலவற்றில் மெல்லிய கூண்டும் ஒற்றை வாரும். ஃபிக்ஸியில் பெடல் நிற்காது. கால் வழுக்கிவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும் கிராங்க் கணுக்காலில் அடிக்கும், பெடலை மறுபடி பிடிப்பதற்குள் குழுவே நிலைகுலைந்துவிடும். அகலமான வெல்க்ரோ பட்டை வாங்குங்கள்; வாங்கும் முன் அதை நுழைக்கும் அளவுக்குப் பெடலில் அகலமான இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும்போது நீளத்தைச் சரியாக வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குதிகாலை வெளியே திருப்பிய நிலையில் ஷூ சுலபமாக நுழைய வேண்டும். காலை நேராக்கியதும் பட்டை இறுகிப் பிடிக்க வேண்டும். நேராக வைத்த நிலையிலேயே சுலபமாக நுழைகிறது என்றால் தளர்வு அதிகம். மழையில் நனைந்தால் பட்டை சற்று இளகும், அப்போது ஒரு விரல் அளவு இறுக்குங்கள்.

இப்போது பிரேக். 1948-இல் ஜப்பானின் கொகுராவில் தொடங்கிய கெய்ரின் என்னும் வட்டப்பாதைச் சைக்கிள் பந்தயத்தில் சைக்கிள்களுக்கு பிரேக் கிடையாது. அதற்கு நியாயம் இருக்கிறது: எல்லோரும் ஃபிக்ஸட், எல்லோரும் ஒரே திசை, எவரும் சட்டென்று நிற்க முடியாது என்பதே பாதுகாப்பு. தெருவில் ஓடும் குழுவில் கியர் சைக்கிளும் இருக்கும், முன்னால் பள்ளமும் இருக்கும், முன்னே போகிறவர் இரண்டு பிரேக்கையும் பிடிப்பார். வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகும். பின் சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் குறையும். எவ்வளவு பலமான கால் இருந்தாலும் பின் சக்கரத்தால் மட்டும் நிற்க, முன் பிரேக்கோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு தூரம் ஆகும். பெட்டியில் வரும் பின் பிரேக்கைக் கழற்றினால் தவறில்லை. முன் பிரேக்கைக் கழற்றியவரைக் குழு சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்க வேண்டும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். விழும்போது திறந்த குழாய் முனை பக்கத்தில் இருப்பவரின் தொடையைக் குத்தும்.

கிராங்க் நீளத்தையும் பாருங்கள். 165 மி.மீ. இருந்தால் நல்லது. 170 என்றால் வளைவில் சாயும்போது உள்பக்கப் பெடல் தரையில் தட்ட வாய்ப்பு அதிகம், பெடலை உயர்த்தி நிறுத்தும் வசதியும் ஃபிக்ஸியில் கிடையாது. இதற்காகவே வளைவுகளில் ஃபிக்ஸி ஓட்டுபவர்கள் வரிசையின் வேகத்தைவிட ஒரு படி மெதுவாக நுழைய வேண்டியிருக்கும்; பின்னால் வருபவரிடம் முன்கூட்டியே கையால் சைகை காட்டிவிடுங்கள்.

கூட எடுத்துப்போக வேண்டியவற்றில் கியர் சைக்கிளிலிருந்து ஃபிக்ஸிக்கு வந்தவர்கள் மறப்பது 15 மி.மீ. ஸ்பேனர். பின் அச்சு நட்டுகளுக்கு அது இல்லாமல் பஞ்சர்கூட ஒட்ட முடியாது, குழுவில் வேறு யாரிடமும் அது இருக்காது. பஞ்சர் ஒட்டி முடித்துச் சக்கரத்தை மாட்டும்போது வலது நட்டை முதலில் பாதி இறுக்கி, டயர் ஃப்ரேமின் நடுவில் வரும்படி சக்கரத்தைப் பிடித்து இடது நட்டை இறுக்கி, தொய்வைப் பார்த்த பிறகு இரண்டையும் முழுதாக முடுக்குங்கள். கிளம்புவதற்கு முன் அந்தப் பெயிண்ட் கோட்டை இன்னொரு முறை பாருங்கள்.