பழைய ஹைலக்ஸ் 2.5 டீசல்: சம்ப்பைக் கழற்றிப் பார்த்த பிறகே காசு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலையும் உரமூட்டையும் ஏற்றி இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கும் காடி, 2016-க்கு முந்தைய டொயோட்டா ஹைலக்ஸ். சேசிஸ் உறுதி. உதிரிப் பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2.5 லிட்டர் 2கேடி எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். ஆனால் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷரைக் கவனிக்காமல் விட்டால் மொத்த எஞ்சினுக்கும் கேடு.

அந்த வாஷர் தேய்ந்து கசிந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு மேலேறி எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவருக்குள் புகும். அதிலுள்ள கரி ஆயிலில் கலந்து தாராகக் கெட்டியாகி, கீழே ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பில் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும். ஆயில் மேலே ஏறாது. பிறகு பிக் எண்ட் பேரிங் தட்டும், டர்போ போகும், கிராங்க் கீறும். வாஷர் நாலும் சில்லறைக் காசு. எஞ்சின் மாற்றினால் ஆயிரக்கணக்கான வெள்ளி.

தோட்டத்துக் காடியில் மீட்டரை நம்ப வேண்டாம். குலை ஏற்றும் நேரமெல்லாம் எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடும், உள்பாதையில் முதல் கியரில் ஊரும். 150,000 கிலோமீட்டர் என்று காட்டினாலும் எஞ்சின் ஓடிய நேரம் அந்தத் தூரத்துக்குரியதைவிட அதிகமாக இருக்கும்.

பார்க்கப் போவது காலையில், எஞ்சின் சூடேறும் முன். முடுக்கியதும் ஆயில் விளக்கு இரண்டொரு வினாடியில் அணைய வேண்டும். தயங்கினால் வலை அடைபட்டிருக்கலாம். 'சஃப் சஃப்' என்று மேலே சத்தம் வந்தால் வாஷர் கசிகிறது. டீசல் எஞ்சினில் ஆயில் கறுப்பது இயல்பு, நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள்: வழுவழுப்பாக இருந்தால் சரி, தாராக ஒட்டினால் உள்ளேயும் அப்படித்தான். விற்பதற்கு முன் புது ஆயில் ஊற்றியிருப்பார்கள், மூடியின் அடியைத் துடைக்க மறந்திருப்பார்கள். டிப்ஸ்டிக்கில் அளவு கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால், மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாயும் ஒழுகலாம்.

இதற்கு மேல் உறுதி வேண்டுமானால் கீழ் சம்ப்பைக் கழற்ற வேண்டும், அல்லது ஆயில் வடிக்கும் துளை வழியே சின்னக் கேமரா விட்டு வலையைப் பார்க்கலாம். வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்குச் செய்யும் பி5 சோதனையில் சம்ப்பைத் திறக்க மாட்டார்கள். அந்தச் சான்றை எஞ்சினுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது பெரிய தப்பு.

வாங்கியதும் வலையைச் சுத்தம் செய்துவிட்டு இன்ஜெக்டரைத் தொடுங்கள். எது எந்தச் சிலிண்டர் என்று குறித்துக்கொண்டு, அதே இடத்தில் திரும்பப் போடச் சொல்லுங்கள். வாஷர் உட்காரும் இடத்துக் கரியை முழுக்கச் சுரண்டாமல் புது வாஷர் போட்டால் மறுபடியும் கசியும். பழைய வாஷரைத் திருப்பிப் போடவே கூடாது. எஞ்சினின் உட்புறத்தை ஃப்ளஷ் திரவம் ஊற்றிக் கழுவலாம் என்று சொல்லும் போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இளகிய தார் கட்டியாக இறங்கி மிச்ச வலையையும் மூடும்.

2024 ஜூன் 10-இல் டீசல் லிட்டருக்கு 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியதைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தச் செலவையும் விலை பேசும்போதே கழித்துக்கொள்ளலாம். டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கழியுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். தோட்ட வேலைக்கு ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம்.