குழாய் வெளியே வந்த பிறகு: மிடாசோலம்–ஃபென்டனிலா, புரோபோஃபோலா?

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "வலிக்குமா டாக்டர்?" என்றுதான். கூட வந்தவர்கள் கேட்பது வேறு: "எப்ப எந்திரிப்பாங்க?" மயக்க மருத்துவராக இருபது வருடமாகப் பார்க்கிறேன். இரண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான் மருந்தை மாற்றிக்கொண்டதும் அதனால்தான்.

முதல் பத்து வருடம் நான் கொடுத்தது மிடாசோலமும் ஃபென்டனிலும். மிடாசோலம் பதற்றத்தைத் தணிக்கும், நடந்ததை மறக்கவும் வைக்கும். ஃபென்டனில் வலியை அடக்கும். இப்போது கொடுப்பது சட்டென்று தூங்க வைக்கும் புரோபோஃபோல். அதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்னால் கொஞ்சம் ஃபென்டனில், அவ்வளவுதான். ஆக, இரண்டு முறையிலுமே ஃபென்டனில் உண்டு. அதற்குக் கூட்டாளியாக யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கிடைப்பது, ஊசி போடும்போது எரிவது போன்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். மிடாசோலம் கையில் எரியாது. புரோபோஃபோல் எரியும், சிறிய ரத்தநாளத்தில் போட்டால் நன்றாகவே எரியும். இரண்டும் எங்கும் கிடைக்கின்றன. மருத்துவருக்கு வேலை சுலபமாக இருப்பது புரோபோஃபோலில்: நோயாளி அசைய மாட்டார். இவற்றை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

முடிவெடுக்க வைப்பது மூச்சு. அதிலும், பரிசோதனை நடக்கும்போது இருக்கும் மூச்சைவிட, அது முடிந்த பிறகு இருக்கும் மூச்சு.

1990-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பெய்லியும் அவருடைய குழுவினரும் 12 ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு இந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எடையில் கிலோவுக்கு 0.05 மி.கி. மிடாசோலம் மட்டும் கொடுத்தபோது மூச்சில் சொல்லும்படி எதுவும் இல்லை. கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது 6 பேருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. ஆனால் யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, 6 பேருக்கு மூச்சே நின்றது. அறுபது கிலோ ஆளுக்கு இது 3 மி.கி. மிடாசோலம், 120 மைக்ரோகிராம் ஃபென்டனில். எண்டோஸ்கோபி அறைகளில் தினமும் போகிற அளவை ஒட்டியதுதான்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. கார்பன் டை ஆக்சைடு கூடும்போது மூச்சு எவ்வளவு வேகம் எடுக்கிறது என்று பார்க்கும் சோதனையில், ஜோடி மருந்து தனி ஃபென்டனிலைவிட மோசமாகத் தெரியவே இல்லை. கருவியில் வித்தியாசம் இல்லை, ஆனால் ஆள் மூச்சு விடவில்லை. அப்புறம், அந்தப் பன்னிரண்டு பேரின் குடலுக்குள் எந்தக் குழாயும் போகவில்லை. தொந்தரவு எதுவும் இல்லாமல் படுத்திருந்தவர்கள். நம் நோயாளிக்கு அந்த நிலை வருவது குழாயை வெளியே எடுத்த பிறகுதான்.

எனக்கு அது 2013-இல் நேரில் புரிந்தது. ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எழுபது வயது. குழாய் குடலின் வளைவில் திரும்பும்போது முனகினார். முதல் டோஸ் முழுதாக வேலை செய்வதற்குள் நான் இன்னொரு டோஸ் கொடுத்துவிட்டேன். ஃபென்டனில் உச்சத்துக்கு வர 3, 4 நிமிடம் ஆகும். மிடாசோலத்துக்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். நான் காத்திருக்கவில்லை. குழாய் உள்ளே இருந்தவரை அந்த வலியே அவரை மூச்சு விட வைத்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் வலி போயிற்று, மருந்து மட்டும் மிஞ்சியது. பக்கத்து அறைக்கு மாற்றினோம். மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்ததால் ஆக்சிமீட்டர் 97 காட்டியது. மகள் அருகில் நின்று, "அசந்து தூங்குறார், பாவம்" என்றார். நெஞ்சு எழும்பவில்லை. "ஐயா, மூச்சை இழுங்க" என்றேன். உடனே இழுத்தார், நன்றாக, நான்கு முறை. நான் பேச்சை நிறுத்தியதும் அவரும் நிறுத்தினார். இருபது நிமிடம் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தார். அவருக்கு எதுவும் நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

புரோபோஃபோலும் மூச்சை அடக்கும்தான். ஃபென்டனிலோடு சேர்ந்தால் அதுவும் கூட்டல் கணக்கைத் தாண்டும். உள்ளே போகும் வேகத்தில் ஆபத்து இன்னும் கூட என்றே சொல்வேன். ஆனால் அந்த ஆபத்து வருவது நான் தலைமாட்டில் நிற்கும்போது: கொடுத்த இரண்டு நிமிடத்துக்குள், வெளிவிடும் மூச்சைக் காட்டும் கேப்னோகிராஃப் கருவியின் கோடு கண் முன்னே ஓடும்போது. அந்தக் கோடு தட்டையானால், ஆக்சிமீட்டர் எண் இறங்கும் முன்பே தாடையைத் தூக்கிப் பிடித்துவிடலாம். கொடுப்பதை நிறுத்தினால், சின்ன டோஸ் மூளையை விட்டுத் தசைக்கும் மற்ற இடங்களுக்கும் பரவிவிடும். ஐந்து பத்து நிமிடத்தில் ஆள் கண் திறப்பார். மிடாசோலம் உடலில் பாதியாகக் குறையவே சராசரியாக 3 மணி நேரம் ஆகும், முதியவர்களுக்கு இன்னும் நீளும். என் கண்ணில் படும் ஆபத்தை, ஓய்வறையில் மகளின் கண்ணெதிரே தூக்கம் போலத் தெரியும் ஆபத்தைவிட நான் மேலாக நினைக்கிறேன்.

வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. மிடாசோலத்தைக் கரைப்பது கல்லீரலின் சிஒய்பி3ஏ4 என்ற நொதி. வயிற்றுக் கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், ரத்த அழுத்தத்துக்கான டில்டியாசெம், பூஞ்சைக்கான இட்ராகோனசோல் எல்லாம் அந்த நொதியைத் தடுப்பவை. எண்டோஸ்கோபிக்கு வருபவர்களிடம் முதல் இரண்டும் சாதாரணமாக இருக்கும். புரோபோஃபோல் பெரும்பாலும் வேறு வழியில் கரைவதால் அந்தச் சிக்கல் குறைவு. "ராத்திரி தூக்க மாத்திரை போட்டீங்களாம்மா?" என்றும் தவறாமல் கேட்பேன். அல்பிரசோலம் மிடாசோலத்தின் குடும்பம்தான். அது ஏற்கெனவே உள்ளே இருந்தால் என் கணக்கு மாறும். இந்தக் குடும்பத்தையும் ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளையும் சேர்த்துக் கொடுப்பது பற்றி 2016-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையே வெளியிட்டது.

மயக்கத்தை முறிக்கும் மாற்று மருந்து இருப்பது மிடாசோலம் பக்கத்தின் பெரிய பலம். அதை நான் மறுக்கவில்லை. மிடாசோலத்துக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன். புரோபோஃபோலுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஃப்ளூமசெனில் உடலில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். அது இறங்கும்போது மிடாசோலம் இன்னும் மிச்சம் இருக்கும், விழித்தவர் மறுபடி மயங்கலாம். எனவே மாற்று மருந்து கொடுத்தவரைத்தான் கூடுதல் நேரம் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரத்த அழுத்தம் இன்னொன்று. முதல் நாள் முழுக்கப் பேதி மருந்து குடித்து, வெறும் வயிற்றில், உடலில் நீர் வற்றி வருபவருக்குப் புரோபோஃபோல் அழுத்தத்தை நன்றாகவே இறக்கும். டிரிப் ஓடிய பிறகே தொடங்குவேன். மயக்க மருத்துவர் அருகில் இல்லாத அறை என்றால் என் சாய்வே மாறிவிடும்: அங்கே புரோபோஃபோலைத் தொடவே கூடாது. மிடாசோலமும் ஃபென்டனிலும் குறைந்த அளவில், இடைவெளி விட்டு, அதுவே சரி.

"புரோபோஃபோலோடு துளி மிடாசோலமும் போடுங்களேன்" என்று சக மருத்துவர்கள் சொல்வதுண்டு. மூளைச் செல்களில் மருந்து வந்து ஒட்டும் ஒரே ஏற்பியில் வேறு வேறு இடத்தில் அமரும் இந்த இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்று 1991-லேயே ஹாங்காங்கில் ஷார்ட்டும் சுய்யும் காட்டிவிட்டார்கள். புரோபோஃபோல் குறைவாகப் போதும் என்பது உண்மை. ஆனால் சீக்கிரம் எழுவதற்காகத்தானே புரோபோஃபோலுக்கு வந்தோம்?

டெக்ஸ்மெடடோமிடின் என்ற இன்னொரு மயக்க மருந்தை நான் சிலருக்குத்தான் கொடுத்திருக்கிறேன். மூச்சை அவ்வளவாகத் தொடாது, ஆனால் நாடித்துடிப்பு இறங்கும், எழுந்து உட்காரவும் நேரமாகும். 2005-இல் வெளியான ஒரு கொலோனோஸ்கோபி ஆய்வை இத்தகைய காரணங்களாலேயே பாதியில் நிறுத்தினார்கள். 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெமிமசோலம், மிடாசோலத்தின் குடும்பமாக இருந்தும் வேகமாகக் கரைகிறது, ஃப்ளூமசெனிலுக்கும் கட்டுப்படுகிறது. நான் இன்னும் கொடுத்ததில்லை. என் சாய்வை மாற்றக்கூடியது என்றால் இப்போதைக்கு அதுதான்.

அதுவரை, எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு ஃபென்டனில் 25 மைக்ரோகிராம். நான்கு நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருப்பேன். பிறகு புரோபோஃபோல் இருபது இருபது மில்லிகிராமாக, ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்த பிறகு.